சர்வாதிகாரியும் சமூக இயலும்

1937ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் லோசான் பல்கலைக்கழகம் தன் நானூறாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடிற்று. 1537இல் சமயக் கல்விச்சாலையாகத் தோன்றி, 1890இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த பழம்பெரும் நிறுவனம் அது. அந்த ஆண்டில் அது கௌரவ டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தவர்களுள் ஒருவர் இத்தாலியின் சர்வாதிகாரி பெனிதோ முசோலினி. அவருக்கு அளித்தது சட்டத்துறைப் பட்டம் அன்று; இலக்கியப் பட்டமும் அன்று. சமூக, அரசியல் இயல்களில் டாக்டர் என்னும் பட்டம். தம் தாய்நாட்டில் ஒரு சமூக அமைப்பைக் கருதி உருவாக்கி, அதன் வாயிலாகச் சமூக இயலை வளப்படுத்தியவர் என்று பட்டயம் அவரைப் பாராட்டியது.

வளப்படுத்தியவர் யார் என்பதைச் சற்றே நினைவுகூர்வோம். 1924இல் தம்மை எதிர்த்துப் பேசிய மத்தேயோட்டி என்னும் பாராளுமன்ற உறுப்பினர் கொலையுண்டபோது, நடந்தவற்றுக்கெல்லாம் தாமே பொறுப்பு என்று அடுத்த ஆண்டின் சனவரியில் சபையிலேயே முழங்கியவர். 1926இல் எதிர்க்கட்சிகள் யாவற்றையும் கலைத்தவர். 1935இல் எத்தியோப்பியாவின்மீது படையெடுத்து, அந்நாட்டு மக்கள்மேல் நச்சு வாயுவைப் பொழிவித்தவர். அச்செயலுக்காக அவர் நாட்டின்மீது சர்வதேச சங்கம் பொருளாதாரத் தடை விதித்தது. அந்தச் சங்கத்தின் தலைமையகம் இருந்த ஜெனீவா நகரமும், பட்டமளித்த லோசான் நகரமும் ஒரே ஏரியின் கரையில் அமைந்தவை.

இந்தப் பட்டத்தைக் கேலிக்கூத்து என்று சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் வரலாற்றைப் படிப்பவன் என்ற முறையில் எனக்கு அது சிரிப்புக்குரியதாகத் தோன்றவில்லை. முசோலினிக்கும் சமூக இயலுக்கும் இருந்த தொடர்பு உண்மையானது. அவர் அந்த இயலின் நூல்களைப் படித்தார். அதன் சொற்களை மேடையில் பயன்படுத்தினார். அதன் அறிஞர்கள் சிலருக்குப் பதவிகள் தந்தார். அந்த அறிஞர்களுள் மூடர் எவரும் இலர். உலகம் இன்றளவும் பெயர் சொல்லும் மேதைகள் அவர்கள். சமூகம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பிறரைவிட நன்கு அறிந்தவர்கள் அந்தச் சர்வாதிகாரியின் முன் எவ்வாறு நடந்துகொண்டார்கள்? நேயர்களே, இந்த வினாவையே இன்று நான் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் லோசான் நகரத்துக்கே திரும்புவோம். 1902இல் பத்தொன்பது வயது முடியும் தறுவாயில் முசோலினி வேலை தேடிச் சுவிட்சர்லாந்துக்குச் சென்றார். கட்டட வேலை செய்தார், பசியால் வாடினார், சோஷலிஸ்டுகளின் கூட்டங்களில் பேசினார், போலீசாரால் கைது செய்யப்பட்டார். 1904இல் லோசான் பல்கலைக்கழகத்தில் பெயரைப் பதிந்துகொண்டு சிறிது காலம் பாடம் கேட்டார். அப்பொழுது அங்கே வில்பிரடோ பரேட்டோ பேராசிரியராக இருந்தார். பரேட்டோவின் விரிவுரைகளைக் கேட்டதாக முசோலினி பிற்காலத்தில் கூறிக்கொண்டார். எத்தனை விரிவுரைகள், எவ்வளவு கருத்தூன்றிக் கேட்டார் என்பதில் ஆராய்ச்சியாளர்க்கு ஐயம் உண்டு. ஆயினும், அத்தகைய ஆசிரியரின் மாணாக்கர் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை இருந்தது என்பதில் ஐயமில்லை.

பரேட்டோ பொறியியல் கற்றவர். பின்னர்ப் பொருளாதார அறிஞரானார். இறுதியில் சமூக இயலுக்கு வந்தவர். செல்வம் எந்த நாட்டிலும் சிலரிடமே குவிகிறது என்பதைக் கணித வடிவில் காட்டியவர். 1916இல் வெளிவந்த அவருடைய சமூக இயல் பெருநூல், அதிகாரமும் அவ்வாறே சிலரிடம் குவிகிறது என்று வாதித்தது. எந்த ஆட்சியானாலும் ஆள்பவர் சிறுபான்மையினரே. அவர்களுள் சிலர் நரியைப்போலத் தந்திரத்தால் ஆள்வர். சிலர் சிங்கத்தைப்போல வலிமையால் ஆள்வர். நரிகள் மிகுந்து, வலிமையைப் பயன்படுத்தும் நெஞ்சுரம் குன்றும்போது, சிங்கங்கள் வந்து அவர்களை அகற்றும். வரலாறு என்பது இவ்வாறு மாறிமாறி வந்து மறையும் மேலோர் கூட்டங்களின் இடுகாடு. இதுவே அவர் கொள்கையின் சாரம்.

1922 அக்டோபர் இறுதியில் கருஞ்சட்டையினர் ரோமாபுரியை நோக்கி அணிவகுத்தனர். அரசர் முசோலினியை அழைத்து ஆட்சியை ஒப்படைத்தார். தம் கொள்கை கண்முன்னே நிறைவேறியதாகப் பரேட்டோ கருதியதில் வியப்பில்லை. புதிய அரசு அவரை ஆட்சி மன்றத்தின் மேல்சபை உறுப்பினராக நியமித்தது. முசோலினி நடத்திய பத்திரிகையிலும் அவர் எழுதினார். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. பத்திரிகைகளின் வாயை அடைக்காதீர்கள், ஆசிரியர்களின் உரிமையைப் பறிக்காதீர்கள் என்று அவர் அந்த ஆட்சியை எச்சரித்தார். அந்த எச்சரிக்கை ஏற்கப்படவில்லை என்பதைக் காண அவர் உயிரோடில்லை. ஆட்சி மாறிப் பத்துத் திங்களுக்குள், 1923 ஆகஸ்டு 19ஆம் நாள், அவர் காலமானார். வாழ்ந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பது விடை காண இயலாத வினா. ஆட்சிக்கோ அந்த விடை தேவைப்படவில்லை. எதிர்த்துப் பேச இயலாத ஒரு பெரிய பெயர் அதற்குக் கிடைத்துவிட்டது.

இரண்டாமவர் ராபர்ட் மிக்கெல்ஸ். 1876இல் ஜெர்மனியில் கொலோன் நகரத்துச் செல்வக் குடும்பத்தில் பிறந்து, சோஷலிஸ்டாக மாறியவர். அந்தக் கொள்கைப் பற்றின் காரணமாகவே ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அப்போது அவருக்காக வாதாடியவர் பேரறிஞர் மாக்ஸ் வெபர். ஒருவருடைய அரசியல் கருத்துக்காக அவருக்கு ஆசிரியத் தொழிலை மறுக்கும் நாட்டில் கல்விச் சுதந்திரம் என்ற பேச்சே வீண் என்று வெபர் கடிந்துரைத்தார். மிக்கெல்ஸ் இத்தாலிக்குச் சென்று தூரின் நகரில் ஆசிரியரானார்.

1911இல் அவர் எழுதிய நூல் அரசியல் கட்சிகளைப் பற்றியது. ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்டது மன்னர் கட்சியை அன்று. மக்களாட்சியையே உயிர்மூச்சாகக் கொண்ட ஜெர்மானியச் சோஷலிஸ்டுக் கட்சியை. கட்சி வளர்ந்தால் அலுவலகம் வேண்டும். அலுவலகத்துக்குச் சம்பளக்காரர் வேண்டும். கணக்கும் கடிதமும் பத்திரிகையும் அவர்கள் கையில் இருக்கும். சாதாரணத் தொண்டனுக்கு நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை. நாளடைவில் தலைவர்கள் அசைக்க முடியாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். கட்சியைக் காப்பதே கட்சியின் நோக்கமாகிவிடுகிறது. சமத்துவம் பேசும் கட்சியிலேயே இவ்வாறு நிகழுமானால் வேறெங்கு நிகழாது என்று அவர் கேட்டார். சிலராட்சியின் இரும்பு விதி என்று அவர் இதற்குப் பெயரிட்டார். இன்றும் எந்த நாட்டில் கட்சிகளைப் பற்றி ஆராய்வோரும் இந்த நூலைத் தாண்டிச் செல்ல முடிவதில்லை.

இத்தனை கூரிய கண்ணுடையவர் முசோலினியிடம் என்ன கண்டார்? எல்லா மக்களாட்சியும் இறுதியில் சிலராட்சியே என்றால், அதனை மூடி மறைக்காமல் வெளிப்படையாக ஆளும் தலைவனே மேல் என்ற முடிவுக்கு அவர் வந்தார். மக்களைத் தன்பால் ஈர்க்கும் அரிய ஆற்றலுடைய தலைவனைப் பற்றி வெபர் வகுத்துத் தந்த கருத்தை எடுத்து, அதனை முசோலினிக்குப் பொருத்தினார். 1928இல் பெருஜியா பல்கலைக்கழகத்தில், பாசிஸ அரசின் ஆதரவில் தோன்றிய அரசியல் இயல் துறையில், அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1936இல் ரோமாபுரியில் அவர் இறந்தார். கருத்துச் சுதந்திரம் இல்லாமையால் தாய்நாட்டைத் துறந்தவர், கருத்துச் சுதந்திரத்தை ஒழித்த ஆட்சியின் நிழலில் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். அதனைக் கண்டு வருந்த வெபர் இல்லை. அவர் 1920இலேயே மறைந்துவிட்டார்.

மிக்கெல்சின் ஆராய்ச்சியில் பிழை இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவர் கண்டது ஒரு நோய். கட்சிகள் எல்லாவற்றையும் பற்றும் நோய். நோய் எங்கும் உள்ளது என்பது ஓர் உண்மை. ஆகவே மருத்துவர் வேண்டாம், நோயையே அரசாக்குவோம் என்பது அந்த உண்மையிலிருந்து பிறப்பதன்று. அது வேறொரு தீர்மானம். இரண்டுக்கும் இடையில் உள்ள இந்தப் பள்ளத்தை மிக்கெல்ஸ் ஒரே எட்டில் தாண்டிவிட்டார்.

இவ்வாறு தாண்ட மறுத்த ஒருவரும் இருந்தார். அவரே மூன்றாமவரான கயத்தானோ மொஸ்கா. 1858இல் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பிறந்தவர். ஆள்வோர் எங்கும் எப்போதும் ஒரு சிறு வகுப்பினரே என்ற கொள்கையைப் பரேட்டோவுக்கு முன்பே வெளியிட்டவர். 1896இல் வந்த தம் அரசியல் இயல் நூலில் அதனை விரித்துரைத்தவர். பாராளுமன்ற முறையில் அவருக்கு மதிப்புக் குறைவு. வாக்காளர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது பொய். உறுப்பினரே தம்மைத் தேர்ந்தெடுக்கச் செய்துகொள்கிறார் என்று எழுதியவர் அவர். எல்லார்க்கும் வாக்குரிமை தருவதையும் அவர் விரும்பவில்லை. ஏட்டளவில் பார்த்தால், மூவருள்ளும் சர்வாதிகாரிக்கு மிக நெருங்கியவர் இவரே என்று கருதத் தோன்றும்.

1925 டிசம்பரில் மேல்சபைக்கு ஒரு மசோதா வந்தது. தலைமை அமைச்சர் இனிப் பாராளுமன்றத்துக்குப் பொறுப்புடையவர் அல்லர்; அரசருக்கு மட்டுமே பொறுப்புடையவர்; அவர் இசைவின்றிப் பாராளுமன்றம் எதனையும் விவாதிக்கலாகாது என்பது அதன் பொருள். டிசம்பர் 19ஆம் நாள், அறுபத்தேழு வயது முதியவரான மொஸ்கா எழுந்தார். பாராளுமன்ற ஆட்சியை வாழ்நாள் முழுவதும் கடுமையாகக் குறைகூறி வந்தவன், இன்று அதன் மறைவுக்கு இரங்கிப் பேச வேண்டியவனாகிறேன் என்ற பொருள்பட அவர் உரைத்தார். ஓர் ஆட்சி முறையைத் தனியே வைத்து எடைபோடக் கூடாது. அதற்கு முன்னிருந்ததோடும் பின் வருவதோடும் ஒப்பிட்டே எடைபோட வேண்டும் என்பது அவர் வாதம். அவ்வாறு எடைபோட்டபின் அவர் மசோதாவை எதிர்த்தார். ஐந்து நாட்களுக்குள் அது சட்டமாயிற்று. ஆனால் அந்த உரை நின்றுவிட்டது.

ஆள்வோர் சிலரே என்பது மிக்கெல்சும் மொஸ்காவும் ஒப்புக்கொண்ட உண்மை. அதிலிருந்து மிக்கெல்ஸ், தடுப்பாரற்ற தலைவனே மேல் என்றார். மொஸ்காவோ, ஆள்வோர் என்றும் சிலரே ஆதலின் அவர்களைத் தடுத்து நிறுத்தும் வேறு ஆற்றல்கள் நாட்டில் இருந்தே தீரவேண்டும் என்றார். நீதிமன்றம், பத்திரிகை, பாராளுமன்றம், தனித்து வாழும் நடுத்தர வகுப்பு ஆகியவை ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதிலேயே மக்களின் பாதுகாப்பு உள்ளது என்பது அவர் முடிவு. மன்னனுக்கு இடித்துரைக்கும் பெரியோர் துணை வேண்டும் என்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். மொஸ்கா செய்ததும் அந்தப் பணியே. அவரும் குற்றமற்ற வீரர் என்று சொல்வதற்கில்லை. பின்னர் வந்த சோதனை ஒன்றில் மறுத்து நின்றவர்களின் வரிசையில் அவர் பெயர் காணப்படவில்லை. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

அறிஞரின் கொள்கையைக் கொண்டு பெருமை தேடுவது ஒரு வகை. அறிஞரின் தொழிலையே ஆட்சிக்குக் கருவியாக்குவது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டு கொர்ராடோ ஜினி. ஏற்றத்தாழ்வை அளக்க இன்று உலகெங்கும் வழங்கும் ஜினி கெழு இவர் 1912இல் கண்டது. நம் நாட்டுப் பொருளாதார அறிக்கைகளிலும் இவர் பெயர் நாள்தோறும் எழுதப்படுகிறது. இவர் 1925இல் பாசிஸ்டு அறிவாளரின் அறிக்கையில் கையொப்பமிட்டார். 1926இல் தோன்றிய மத்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தலைவராகி, 1932 வரையில் அப்பதவியில் இருந்தார்.

1927இல் அமெரிக்க அரசியல் இயல் ஏடு ஒன்றில் ஜினி, பாசிஸத்தின் விஞ்ஞான அடிப்படை என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். நாடு என்பது இன்று வாழ்வோரின் தொகை மட்டும் அன்று. இனிப் பிறக்க இருப்போரையும் உள்ளடக்கிய ஓர் உயிர்ப்பொருள். அந்த உயிர்ப்பொருளின் நலனும் இன்றைய மக்களின் விருப்பமும் மாறுபடக்கூடும். அப்போது மக்களின் விருப்பத்தை மீறி நாட்டின் நலனைக் காக்கும் உரிமை அரசுக்கு உண்டு. அவர் வாதம் இவ்வாறு சென்றது. பிறவாத தலைமுறை வாய் திறந்து பேசாது. அதன் சார்பில் பேசுபவர் யார் என்பதே இங்கு எழ வேண்டிய கேள்வி. பாசிஸ நாட்டில் அதற்கு விடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அதே 1927ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் முசோலினி பாராளுமன்றத்தில் ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார். இத்தாலியரின் தொகை அப்போது ஏறத்தாழ 4 கோடி. நூற்றாண்டின் பிற்பாதி தொடங்கும்போது அது 6 கோடிக்குக் குறையாமல் இருந்தாலன்றி நாடு உலகில் மதிப்புப் பெறாது என்று அவர் அறிவித்தார். மணம் செய்துகொள்ளாத ஆடவர்மீது வரி விதிக்கப்பட்டது. பிள்ளைகள் பல பெற்ற தாய்மார்க்குப் பரிசுகள் வழங்கப்பட்டன. நாட்டுப்புறத்து மக்கள் நகரங்களில் குடியேறுவதற்குச் சட்டத்தால் தடை போடப்பட்டது. இத்தனைக்கும் எண்கள் வேண்டும். எண்களைத் தரப் புள்ளியியல் அறிஞர்கள் இருந்தார்கள். பிறப்பு விகிதமோ கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை. அது மேலும் குறைந்துகொண்டே வந்தது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தாலியின் மக்கள் தொகை ஏறத்தாழ 4 கோடியே 75 லட்சம். சர்வாதிகாரி குறித்த இலக்குக்கும் அதற்கும் இடையே ஒன்றேகால் கோடி மக்கள் இடைவெளி.

இது வரையில் இந்தக் கதையில் நகைச்சுவையும் கலந்திருக்கிறது. இதன் பின்னர் நிகழ்ந்தது அத்தகையது அன்று. 1938 ஜூலையில் இனம் பற்றிய அறிக்கை ஒன்று வெளியாயிற்று. இத்தாலியர் தனியொரு தூய இனத்தார் என்றும், யூதர்கள் அந்த இனத்தைச் சேராதவர்கள் என்றும் அது கூறியது. அதற்குப் பெயர் கொடுத்த பத்து அறிஞருள் ஒருவர் பிராங்கோ சவோர்ஞான். அவர் மக்கள் தொகை இயல் பேராசிரியர். ஜினிக்குப் பின் மத்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தலைமையை ஏற்றவர். அடுத்த மாதம் 22ஆம் நாள் நாட்டிலுள்ள யூதர்களை மட்டும் தனியே எண்ணும் கணக்கெடுப்பு நடைபெற்றது. அதன்பின் வந்த சட்டங்கள் அவர்களைப் பள்ளிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் அரசுப் பணிகளிலிருந்தும் வெளியேற்றின. 1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படை இத்தாலியைக் கைப்பற்றியபோது, அரசு அலுவலகங்களில் யூதர்களின் பெயர்ப் பட்டியல்கள் ஆயத்தமாக இருந்தன. அக்டோபர் 16ஆம் நாள் ரோமாபுரியில் வீடு வீடாகச் சென்று யூதர்களைப் பிடித்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டனர். உயிருடன் மீண்டவர் பதினாறு பேர்.

எண்ணுவது குற்றமன்று, எண்ணாமல் எந்த அரசும் நடைபெறாது. ஆனால் எண்ணப்படுகிறவன் யாரை எதிர்த்தும் எதுவும் சொல்ல முடியாத நாட்டில், எண்ணும் தொழில் மற்றத் தொழில்களைப் போன்றதன்று. இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. ஜார்ஜியோ மொர்த்தாரா இத்தாலியின் தலைசிறந்த மக்கள் தொகை அறிஞர்களுள் ஒருவர். யூதர் என்ற காரணத்தால் 1938இல் மிலான் நகரில் தம் பேராசிரியர் பதவியை இழந்தார். அவர் பிரேசில் நாட்டுக்குச் சென்றார். அங்கே 1940ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பு அவருடைய அறிவுத்துணையோடு நடந்தேறியது. சொந்த நாட்டில் வேண்டாத பொருளாகத் தள்ளப்பட்ட அதே கல்வியைக் கடலுக்கு அப்பாலிருந்த நாடு கைநீட்டி ஏற்றுக்கொண்டது.

முன்னர்க் குறிப்பிட்ட சோதனைக்கு வருகிறேன். 1931 ஆகஸ்டில் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒவ்வொருவரும் அரசருக்கு மட்டுமன்றிப் பாசிஸ ஆட்சிக்கும் விசுவாசமாயிருப்பதாக உறுதிமொழி கூறிக் கையொப்பமிட வேண்டும். மறுப்பவர் பதவி இழப்பர். நாட்டில் அப்போது பேராசிரியர்கள் ஆயிரத்து இருநூற்றுக்கு மேற்பட்டவர். மறுத்தவர் பன்னிருவர் என்பது பொதுவாக வழங்கும் எண். வேறு வழிகளில் விலகிக்கொண்ட சிலரையும் சேர்த்து எண்ணுவோர் உண்டு. எவ்வாறு எண்ணினும் இருபதுக்கு மிகாது.

அந்தப் பன்னிருவருள் விட்டோ வோல்ட்டெரா என்ற கணித மேதை உண்டு. தே சாங்திஸ் என்ற பழங்கால வரலாற்று ஆசிரியர் உண்டு. மார்த்தினெத்தி என்ற தத்துவ ஆசிரியர் உண்டு. புவொனாயூத்தி என்ற கிறிஸ்தவ சமய வரலாற்று அறிஞர் உண்டு. தந்தையும் மகனுமாக ருஃபினி என்ற சட்ட அறிஞர் இருவர் உண்டு. வேதியியலாரும் அறுவை மருத்துவரும் கலை வரலாற்றாசிரியரும் உண்டு. மக்களாட்சியும் அதிகாரமும் எவ்வாறு இயங்குகின்றன என்பதையே தொழிலாக ஆராய்ந்த சமூக இயலார் ஒருவரும் அதில் இல்லை. சமூக இயலுக்கு அந்நாளில் இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் இடம் மிகக் குறைவு என்பதும் உண்மை. ஆட்சியின் தத்துவ ஆசிரியரான ஜென்டிலேயும், அவரை எதிர்த்து 1925 மே முதல் நாள் அறிக்கை வெளியிட்ட பெனடெட்டோ குரோச்சேயும் ஒரு செய்தியில் ஒத்த கருத்தினர்: இருவரும் சமூக இயலை ஓர் அறிவுத்துறையாகவே மதிக்கவில்லை. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின்னும் அந்த வெற்றிடம் என் நெஞ்சை உறுத்துகிறது.

கையொப்பமிட்டோர் அனைவரையும் கோழைகள் என்று நான் கூறமாட்டேன். மனைவி மக்களைக் காக்க வேண்டியவர்கள் இருந்தனர். மாணவர்களைப் பாசிஸ்டுகளின் கையில் விட்டுவிடக் கூடாது, பதவியில் இருந்தபடியே இயன்றதைச் செய்யுங்கள் என்று குரோச்சேயே சிலருக்கு அறிவுரை கூறினார். அது பொருளற்ற அறிவுரையன்று. ஆனால் ஒன்று சொல்லலாம். அதிகாரம் எவ்வாறு மனிதரைத் தன்பால் இழுக்கிறது என்பதைப் பற்றி எவ்வளவு படித்திருந்தாலும், அந்தப் படிப்பு மட்டும் ஒருவரை அதிகாரத்தினிடமிருந்து காப்பதில்லை.

இனி இறுதியாக ஒருவரைக் குறிப்பிட வேண்டும். அவர் பேராசிரியர் அல்லர். பட்டம் பெறாமலே பல்கலைக்கழகப் படிப்பை விட்டவர். பெயர் அந்தோனியோ கிராம்ஷி. சார்டினியாத் தீவில் 1891இல் பிறந்தவர். கூன் விழுந்த உடலும் ஓயாத நோயும் உடையவர். 1924இல் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கம்யூனிஸ்டுத் தலைவர். உறுப்பினர்க்குரிய சட்டப் பாதுகாப்பையும் பொருட்படுத்தாமல் 1926 நவம்பர் 8ஆம் நாள் அவரைக் கைது செய்தனர். 1928இல் இருபது ஆண்டு நான்கு மாதம் ஐந்து நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இந்த மூளை இருபது ஆண்டுகள் வேலை செய்யாமல் தடுக்க வேண்டும் என்று அரசு வழக்கறிஞர் கேட்டதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது.

மூளை வேலை செய்தது. தூரி என்னும் ஊரின் சிறையில் 1929 பிப்ரவரியில் எழுத இசைவு பெற்றுத் தொடங்கினார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த நண்பர் பியேரோ ஸ்ராபா என்ற பொருளாதார அறிஞர், அவருக்கு வேண்டிய நூல்கள் கிடைக்க மிலான் நகரத்துப் புத்தகக் கடை ஒன்றில் ஏற்பாடு செய்தார். சிறை அதிகாரிகள் ஏடுகளைப் பார்வையிட்டு முத்திரை இட்டனர். அந்தக் கண்காணிப்பின் கீழ் முப்பத்து மூன்று நோட்டுப் புத்தகங்களை அவர் நிரப்பினார். மிக்கெல்சின் நூல்களைப் படித்துக் குறை கண்டார். மொஸ்காவின் ஆளும் வகுப்புக் கொள்கையை ஆராய்ந்தார். ஆள்வோர் தடியால் மட்டும் ஆள்வதில்லை; ஆளப்படுவோரின் இசைவையும் பெற்றே ஆள்கின்றனர்; அந்த இசைவைப் பள்ளியும் கோயிலும் பத்திரிகையும் அறிவாளரும் சேர்ந்து உருவாக்கித் தருகின்றனர் என்று விளக்கினார். பரேட்டோவும் மிக்கெல்சும் ஆள்வோரைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஆள்வோருக்கு அருகில் நிற்கும் அறிஞர்களையும் ஆராய்ச்சிப் பொருளாக்கியவர் இந்தக் கைதி.

உடல் முற்றிலும் சிதைந்த நிலையில், ரோமாபுரி மருத்துவமனை ஒன்றில், 1937 ஏப்ரல் 27ஆம் நாள் கிராம்ஷி உயிர் துறந்தார். தண்டனைக் காலம் குறைக்கப்பட்டு, விடுதலை கிட்டிய சில நாட்களிலேயே அது நிகழ்ந்தது. நோட்டுப் புத்தகங்களை அவர் மனைவியின் தமக்கையார் தத்தியானா பத்திரமாகக் காத்தார். அவை 1948 முதல் அச்சேறின. இன்று உலகத்தின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவற்றைப் படிக்காமல் அரசியலையும் சமூகத்தையும் கற்பிப்பது அரிது.

முசோலினிக்கு லோசான் பட்டம் அளித்ததும் அதே 1937ஆம் ஆண்டுதான். அந்தப் பட்டத்துக்கு முன்னின்று முயன்றவர் பொனின்சேனி; பரேட்டோவுக்குப் பின் அவருடைய ஆசனத்தில் அமர்ந்தவர். அன்றே சுவிட்சர்லாந்தில் பலர் அதனைக் கண்டித்தனர். கண்டனம் எடுபடவில்லை. எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2022இல், பல்கலைக்கழகம் அந்தச் செயலை மறு ஆராய்ச்சிக்கு உட்படுத்தியது. பட்டம் வழங்கியது பெருந்தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆனால் பட்டத்தைத் திரும்பப் பெறவில்லை. திரும்பப் பெற்றால் நடந்ததை நடவாததாகக் காட்டுவதாக ஆகிவிடும் என்பது அவர்கள் கருத்து. இந்த முடிவை ஏற்காதவர்கள் உளர். நான் ஏற்கிறேன். மாண்டவரிடமிருந்து ஒரு தாளைப் பறிப்பதால் எவருக்கும் நன்மையில்லை. அந்தத் தாளில் கையொப்பமிட்டவர்கள் படிப்பில்லாதவர்கள் அல்லர் என்பதை அடுத்த தலைமுறை அறிந்திருப்பதில் நன்மை உண்டு.

அந்தப் பட்டயத்தின் வாசகம் ஒரு பொருளில் உண்மையும் ஆகும். முசோலினியின் ஆட்சி சமூக இயலை வளப்படுத்தத்தான் செய்தது. 1925இல் மேல்சபையில் எழுந்து நின்ற முதியவரின் உரையும், தூரிச் சிறையின் முத்திரை பதிந்த நோட்டுப் புத்தகங்களும் அந்த ஆட்சி இல்லாவிடில் தோன்றியிரா. பட்டயம் எழுதியவர்கள் அந்தச் செல்வத்தைத் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டார்கள். பெறவேண்டியவர் அந்த ஆண்டின் ஏப்ரல் மாதத்தில் ரோமாபுரி மருத்துவமனையில் இறந்துகொண்டிருந்தார்.